பதினோரு மணிக்கு மேல் வரவில்லை

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் கல்லூரியில் எனக்காகக் கை தட்டினார்கள். மினசோட்டாவில் ஜனவரி மாதம். வெளியே மூக்கு நுனி மரத்துப்போகிற குளிர், உள்ளே இருபது பேர் காபிக் கோப்பைகளோடு உட்கார்ந்திருக்கும் துறைக் கூட்டம். துறைத் தலைவி எழுந்து, தொழில் நெறிக்கு உதாரணமாக ஒருவரைச் சொல்லப்போகிறேன் என்று ஆரம்பித்து என் பெயரைப் பாதி சரியாக உச்சரித்தார். இருபத்திரண்டு வருடமாகப் பாதிதான். திருத்துவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

நான் செய்த சாதனை இதுதான்: ஒரு மதிப்பீட்டுப் பணியில் பாதியில் விலகிக்கொண்டேன். பயனாளிகளில் ஒருவர் எனக்கு உறவு என்று தெரிந்ததும் நானாகவே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்குத்தான் கைத்தட்டல், அதற்குத்தான் ஒரு டோனட். டோனட்டைக் காரில் உட்கார்ந்து தின்றேன். தின்றுகொண்டே அழுதேன். ஐம்பத்திரண்டு வயதில் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது அவ்வளவு சுலபமில்லை.

என் வேலையை ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. இங்கே சமுதாயக் கல்லூரி என்று ஒன்று உண்டு. பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாதவர்கள், நாற்பது வயதில் திரும்பப் படிக்க வருகிறவர்கள், வேலை போனவர்கள் எல்லாம் வருவார்கள். அங்கே குடி, போதைப் பழக்கத்திலிருந்து மீள நினைக்கிறவர்களுக்குத் துணையிருக்கும் ஆலோசகர்களைத் தயார் செய்கிறோம். நான் பாடமும் எடுக்கிறேன், மற்ற ஊர்களில் இதே மாதிரிப் பயிற்சி எப்படி நடக்கிறது என்று போய்ப் பார்த்து மதிப்பெண்ணும் போடுகிறேன். அப்படித்தான் போன ஆகஸ்டில் பூந்தமல்லிப் பக்கம் அனுப்பினார்கள். எங்கள் கல்லூரி கைகொடுத்து நடக்கும் ஓராண்டுப் பயிற்சி, கரையான்சாவடியில் ஒரு சின்னக் கல்லூரி. மூன்று வாரம் இருந்து பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும், யார் யாருக்குச் சான்றிதழ் என்றும் சொல்ல வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத கள்ளிக்குப்பம். தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான். பயணப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்தப் பயணத்தில் சொந்த வேலை ஏதும் கலந்திருக்கிறதா? ஆமாம் என்றால் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லை என்று டிக் அடித்தேன்.

2

குமணன்சாவடியில் ஒரு விடுதியில் அறை. ஜன்னலைத் திறந்தால் பெங்களூர் நெடுஞ்சாலையின் ஹாரன் முழுக்க உள்ளே வந்து உட்காரும். காலையில் கீழே இட்லி, ஷேர் ஆட்டோவில் கரையான்சாவடி, மாலையில் திரும்ப அறை. சொந்த ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு விடுதியில் தங்கியிருப்பது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். பேச ஆளில்லாமல் ரிசப்ஷன் பையனிடம் வெந்நீர் வருகிறதா என்று தினமும் கேட்டேன். வராது என்று எனக்குத் தெரியும்.

பயிற்சியில் பதினான்கு பேர். நடத்துகிறவர் ஸ்டெல்லா மேடம். பெரிய மூக்குக் கண்ணாடி, பச்சை மைப் பேனா, யாரையும் திட்டாத குரல். முதல் நாள் நான் கொண்டுபோன மதிப்பீட்டுத் தாளைத் தமிழில் படித்துக் காட்டினேன். அதில் ஒரு வரி: ‘தொழில்முறை எல்லைகளைப் பேணுதல்.’

பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். “மேடம், எல்லைன்னா எதுவரைக்கும்? நமக்கு நசரத்பேட்டை தாண்டினா வெளியூரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். சிரிக்காமல் விளக்கம் சொன்னேன்: பயனாளியின், அதாவது நம்மிடம் உதவி தேடி வருகிறவரின், வீட்டுக்குப் போகக்கூடாது, அங்கே சாப்பிடக்கூடாது, தொடக்கூடாது, உறவு முறை வைத்துக் கூப்பிடக்கூடாது. அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்போ எதிராளி நம்மள நம்பறதுக்கு இன்னாதான் மேடம் பண்றது?” என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

அவர்தான் அன்வர் பாய். நாற்பத்தாறு வயது. குமணன்சாவடியில் சோபா, மெத்தை பழுது பார்க்கும் கடை. ஒரு காலத்தில் அவரும் குடித்தவர்தான். பள்ளிவாசலில் பின்வரிசையில்கூட நிற்க வெட்கப்பட்டுக்கொண்டு திரிந்த வருடங்களை அறிமுகத்தின்போது அவரே சொன்னார். விட்டுப் பதினோரு வருடமாகிறது. குனிந்து தைத்துத் தைத்து முதுகு போய்விட்டது. ஆவடியில் ஒரு மறுவாழ்வு மையத்தில் அவருக்கு வேலை தயாராக இருந்தது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி, இந்தச் சான்றிதழ்.

3

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாபு என்னைவிட ஏழு வயது சின்னவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறான், நிரந்தரமாக இரண்டாவது ஷிஃப்ட். அவன் மனைவி அமுதா காலை எட்டு மணிக்கே துணி ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போய்விடுவாள். பாபுவின் கம்பெனி பஸ் மத்தியானம் ஒன்றரைக்கு வரும். மதுக்கடை பன்னிரண்டு மணிக்குத் திறக்கும். நடுவிலிருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அவன் வாழ்க்கை பல வருடமாகப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டி பஸ் ஏறிவிட்டால் பிழைத்தான். ஷிஃப்ட் முடிந்து வரும்போது கடை சாத்தியிருக்கும்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். மினசோட்டாவில் வகுப்பில் உதாரணமாகக்கூடச் சொல்லியிருக்கிறேன், பெயரில்லாமல், ‘ஒரு தொழிலாளி’ என்று.

மூன்று முறை என்னிடம் விட்டுவிட்டேன் என்று சொன்னான். மூன்று முறையும் நான் நம்பி, சந்தோஷத்தில் சித்தி வீடு வரைக்கும் போன் போட்டுச் சொன்னேன். மூன்று முறையும் அவன் திரும்பக் குடித்தபோது சித்தி வீடு வரைக்கும் அது தெரிந்தது. அதற்குப் பிறகு அவன் எதுவும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. இரண்டு வருடம் முன்பு இந்தக் கரையான்சாவடிக் கல்லூரியின் இலவச ஆலோசனை நோட்டீசை வாட்ஸாப்பில் அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. அத்தோடு சரி.

என் மகள் நிலா சிகாகோவில் இருக்கிறாள். மனோதத்துவம் படித்தபோது குடும்ப மரம் வரையச் சொன்னார்களாம். எனக்கு அனுப்பிக் காட்டினாள். அவளுடைய அப்பா இருந்த இடத்தில் ஒரு குறுக்குக் கோடு. இறந்து நான்கு வருடமாகிறது. மாமா இருந்த சதுரத்தில் பாதி கறுப்பு. கறுப்பென்றால் குடிப்பழக்கமாம். அவள் மாமாவைப் பார்த்தது மொத்தம் நான்கு தடவை. அவனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அந்தப் பாதிக் கறுப்பு மட்டும்தான். யார் சொல்லிக் கொடுத்தது? நான்தான்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கள்ளிக்குப்பம் போனேன். ஆபீஸ் வேலையாகப் பூந்தமல்லிப் பக்கம் வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். என்ன வேலை என்று பாபு கேட்கவில்லை. என் வேலை எது என்று அவனுக்குத் தெரியும், அதனாலேயே கேட்கமாட்டான்.

“இன்னாக்கா, இளைச்சிகினே போற? அங்க சோறு கிடைக்கலியா?” என்று சொல்லிக்கொண்டே பையை வாங்கக் கிட்டே வந்தான். நான் அப்போது செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. ஆனால் நான் முகர்ந்ததை அவன் பார்த்துவிட்டான்.

பையை உள்ளே கொண்டுபோய் வைத்தான். அமுதா மீன் குழம்பு வைத்திருந்தாள், மூவரும் மழையைப் பற்றியும் மெட்ரோ வேலையில் சாலை அடைத்திருப்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே சாப்பிட்டோம்.

4

இரண்டாவது வாரம் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். அன்வர் பாய் பெயருக்கு நேரே மாதம் மாதமாகப் பச்சை மையில் ஒரே குறிப்பு: பதினோரு மணிக்கு மேல் வரவில்லை. காலை பத்துக்கு வருகிறார். பதினோரு மணி தேநீர் இடைவேளையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். இரண்டரைக்குத் திரும்பி வந்து மாலை வகுப்பில் உட்காருகிறார். தினமும் இதே கதை. முக்கால்வாசி நேரமாவது வகுப்பில் இருந்தால்தான் சான்றிதழ் என்பது விதி. அவர் அதற்கு ரொம்பக் கீழே இருந்தார்.

“நான் கேட்டுப் பாத்துட்டேன்,” என்றார் ஸ்டெல்லா மேடம். “யாரோ பயனாளியைப் பாக்கத்தான் போறார், அது மட்டும் தெரியுது. அந்த ஆள் ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாப் போதும், அத்தனை நேரத்தையும் களப்பணியில சேத்துடுவேன். வாங்கிட்டு வரமாட்டேங்கிறார்.”

அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“தினமும் பதினோரு மணிக்கு எங்கே போறீங்க, பாய்?”

“ஒரு இடத்துக்கு மேடம்.”

“கடைக்கா?”

“கடை சாயங்காலம்தான்.”

“வீட்டில யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

“அல்லா புண்ணியத்துல எல்லாம் நல்லா கீறாங்க.”

“காரணம் சொன்னீங்கன்னா நான் எழுதிக்கலாம்.”

“காரணம் கீது மேடம். ஆனா அது என்னுது இல்ல, இன்னொருத்தரோடது. மொத வாரமே பாடத்துல சொல்லிக் குடுத்தாங்களே.”

“அவர்கிட்டே ஒரு கையெழுத்து வாங்கறதுக்கு என்ன?”

அவர் தலையைச் சொறிந்தார். “குடிக்கிறவன் ஏற்கெனவே எல்லார் முன்னாடியும் அசிங்கப்பட்டுகினு கீறான். நான் குடிகாரன்னு பேப்பர்ல எழுதிக் குடுன்னு கேட்டா ஓடிப்பூடுவான் மேடம். என் மார்க்குக்காகத்தான் இவ்ளோ நாள் வந்தான் இவன்னு நெனச்சிக்குவான்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. வேலை காத்திருக்கிறது, முதுகு போய்விட்டது, ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம், இந்த மனிதர் முரண்டு பிடிக்கிறாரே என்று. மேற்பார்வை இல்லாமல் பயனாளியைத் தனியாகப் போய்ப் பார்ப்பதே தவறு, அதிலும் தினமும். ‘விளக்கம் அளிக்க மறுத்தார்’ என்று எழுதினேன். எல்லைகள் என்ற வரிக்கு நேரே ஐந்துக்கு ஒன்று போட்டேன். அறைக்கு வந்து மின்விசிறிக்கு அடியில் படுத்துக்கொண்டு நிலாவுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. வேலையா, அப்புறம் பேசவா என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. சரி என்று தமிழில் போட்டேன்.

5

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை நேர்காணல்கள் சீக்கிரம் முடிந்துவிட்டன. மணி பதினொன்று. அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை முகர்ந்து பார்த்தது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பாபு ஷிஃப்டுக்குப் போகும்முன் போய்ப் பார்க்கலாம், அமுதா இல்லாத நேரத்தில் இருவரும் மனம் விட்டுப் பேசலாம் என்று தோன்றியது. சொல்லாமல் போக வேண்டும் என்று நினைத்தேன். ஒருவேளை இன்னொரு தடவை சோதிக்கத்தான் நினைத்தேனோ என்னவோ. ஆட்டோ பிடித்து, பருத்திப்பட்டு, ஆவடி வழியாகப் போய்ச் சேரும்போது பன்னிரண்டு ஆகிவிட்டது.

வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டர் நின்றது. கிரில் கதவு சாத்தியிருந்தது, உள்கதவு திறந்திருந்தது. கூடத்தில் பாபு எனக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். எதிரே பூண்டு உரித்துக்கொண்டு அன்வர் பாய்.

“மணி இன்னா பாய்?”

“மணியைக் கேக்காத நைனா. வெங்காயத்தப் பாரு.”

“கை நடுங்குது பாய்.”

“நடுங்கட்டும். பொடிசா அரிஞ்சாத்தான் கொழம்பு கொதிக்கும்னு எவன் சொன்னான்? பெருசாவே அரி.”

பாபு சிரித்தான். சின்ன வயதில் சிரித்த மாதிரி, தோள் குலுங்க. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. “இப்ப கடை தொறந்திருப்பான்,” என்றான் பாபு. “தொறக்கட்டும்,” என்றார் பாய். “அவன் பொழப்பு அது. நீ தக்காளிய எடு.”

அப்போது பாய் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். ஆச்சரியப்படவே இல்லை. அவர் தலைக்குமேல் சுவரில் நான் நிலாவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம் மாட்டியிருந்தது. தினமும் அந்தப் படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார். நான் முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோதே அவருக்கு நான் யாரென்று தெரிந்திருக்கிறது. சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மதிப்பெண் காப்பாற்றப்பட்டிருக்கும்.

என் கை கிரில் கம்பியில் இருந்தது. ‘பாபு’ என்று கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் இருபது வருடமாக நான் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்று உண்டு: ஆலோசனை நடக்கும் இடத்தில் தவறி நுழைந்துவிட்டால் சத்தமில்லாமல் வெளியேறு. நான் கையை எடுத்துவிட்டேன்.

திரும்பும்போது எதிர்வீட்டுப் பெண் மாடியிலிருந்து, “யாருங்க வோணும்?” என்றாள். வீடு மாறி வந்துவிட்டேன் என்று சொன்னேன். நான் பிறந்த தெருவில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன். பஸ் நிறுத்தம் வரை நடந்து, நிழல் இல்லாத இடத்தில் நின்று, எதற்கென்று சொல்லத் தெரியாமல் ரொம்ப நேரம் நின்றுகொண்டே இருந்தேன். அவன் குடிப்பதில்லை. அது எனக்குச் சந்தோஷம். அதை அவன் என்னிடம் சொல்லவில்லை, ஒரு சோபா தைக்கிறவரிடம் சொல்லியிருக்கிறான். அது எனக்குப் பொறாமை. இரண்டும்தான் இருந்தது.

6

மறுநாள் பாயைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தேன்.

“நேத்து...” என்று ஆரம்பித்தேன்.

“நேத்து நான் யாரையும் பாக்கல மேடம்.”

“பாய், நான் கண்ணால பாத்துட்டேன். பாத்ததை எழுதினா உங்களுக்குச் சான்றிதழ் வந்துடும்.”

“எழுதாதீங்க. எப்படித் தெரிஞ்சுதுன்னு அந்த ஆள் கேப்பாரு. நான் சொல்லிட்டேன்னுதான் நெனப்பாரு. அடுத்த நாள் கதவ தொறக்கமாட்டாரு.”

“அவன் என் தம்பி.”

“நீங்க யாரைச் சொல்றீங்கன்னே எனக்குத் தெரியாது மேடம்,” என்றார் அன்வர் பாய். கண்ணை விலக்காமல், மரியாதையாகச் சொன்னார். எங்கள் மினசோட்டா மாணவர்கள் யாரும் இவ்வளவு சரியாக அந்த விதியைக் காப்பாற்றி நான் பார்த்ததில்லை. அதைக் காப்பாற்றியதற்குத்தான் அவர் தோற்கப் போகிறார்.

எழுதுவதா, விடுவதா என்று இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். எழுதினால் தம்பியின் கதவு சாத்திக்கொள்ளும். எழுதாமல் பாஸ் போட்டால் பொய். கடைசியில் எல்லோருக்கும் நல்லவளாக இருக்கும் வழியைக் கண்டுபிடித்தேன். உறவினர் ஒருவர் சம்பந்தப்பட்டிருப்பதால் இந்த ஒரு மாணவரின் மதிப்பீட்டிலிருந்து விலகுகிறேன் என்று துறைத் தலைவிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். யாருக்கும் துரோகம் இல்லை. நெறிப்படி சுத்தம்.

அன்வர் பாயின் காகிதங்கள் மினசோட்டாவில் டயான் என்ற சக ஆசிரியைக்குப் போயின. டயான் நல்லவள். அவள் முன்னே பதிவேட்டின் நகல் மட்டும்தான் இருந்தது. பச்சை மையில் வரவில்லை, வரவில்லை, வரவில்லை. தவறிவிட்டார் என்று எழுதினாள். மீதிப் பதின்மூன்று பேரும் தேறினார்கள். பயிற்சி மிகச் சிறப்பு, தொடரலாம் என்று நான் அறிக்கை கொடுத்தேன். ஊருக்குக் கிளம்பும்போது பாபு விமான நிலையத்துக்கு வருகிறேன் என்றான். ஷிஃப்ட் இருக்குமே, வேண்டாம் என்றேன்.

7

நேற்று இங்கே ஞாயிறு காலை ஏழரை, அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு முந்தின நேரம். பாபு கூப்பிட்டான். அவனாகக் கூப்பிடுவது அபூர்வம், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிக்கொண்டு எடுத்தேன்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். சித்திகிட்டல்லாம் சொல்லாத.”

“சொல்லமாட்டேன், சொல்லு.”

“நான் குடிக்கறது இல்லக்கா. இன்னியோட ஒரு வருசம் ஆச்சு. வருசம் ஆவட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்.”

‘அப்படியா!’ என்று ஆச்சரியப்பட வேண்டிய இடம். எனக்கு நடிக்க வரவில்லை. நல்லா இருடா, நல்லா இருடா என்று இரண்டு முறை சொன்னேன்.

“என்னால இல்லக்கா. பாய் ஒருத்தர் கீறாரு. தெனம் மத்தியானம் வந்து குந்திக்குவாரு. ஒண்ணும் பண்ணமாட்டாரு, பூண்டு உரிப்பாரு. ஆனா பாவம்க்கா, என்னால அவருக்கு சர்டிபிகேட் போச்சு. திரும்ப ஒரு வருசம் படிக்கிறாரு. இப்பவும் பதினோரு மணிக்குக் கெளம்பி வந்துர்றாரு, வராத பாய்ன்னா கேக்கமாட்டேன்றாரு. இந்த வருசமும் ஊத்திக்கும். அவரா சொல்லல, நான் தோண்டித் துருவிக் கேட்டேன். ஃபாரின்லேர்ந்து எவளோ வந்து நோட்டப் பாத்துட்டு பெயில் பண்ணிட்டுப் பூட்டாளாம். அவளுக்கெல்லாம் இன்னாக்கா தெரியும்?”

டயான் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். உண்மையும்கூட.

“அது நான்தான், பாபு.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பயிற்சி, பதிவேடு, புதன்கிழமை, கிரில் கதவு.

“நீ வந்தது தெரியும்,” என்றான். “எதுத்த ஊட்டுக்கா அன்னிக்கு சாயங்காலமே சொல்லிச்சு. உன்ன மாதிரியே ஒருத்தங்க வந்து, கதவுகிட்ட நின்னு பாத்துட்டு, வீடு மாறிட்டேன்னு பூட்டாங்கன்னு. நான் பாய் கூட குந்திகினு கீறத பாத்துட்டு, இன்னும் ஆள் சேத்துகினு குடிக்கிறான்னு நெனச்சிட்டு பூட்ட போலன்னு நெனச்சேன். ஞாயித்துக்கெழம மோந்து பாத்த இல்ல, அதான்.”

“இல்லடா. உன் சிரிப்பைக் கேட்டேன். தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு...”

“உள்ள வந்திருக்கலாம்லக்கா? வெங்காயம்தானே அரிஞ்சிகினு இருந்தோம்.”

அந்த மத்தியானத்துக்குப் பிறகு ஐந்து மாதம், நான் அவனைக் கைவிட்டுவிட்டுப் போனதாக நினைத்துக்கொண்டே அவன் குடிக்காமல் இருந்திருக்கிறான். நான் அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒன்று செய்தேன். விலகியவள் சொல்லக்கூடாததைச் சொன்னேன். பயனாளி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அந்த நேரமெல்லாம் கணக்கில் சேரும், ஸ்டெல்லா மேடம் சேர்த்துக்கொள்வார், ஆனால் உன் பெயர் வெளியே தெரியும், நீ யோசித்துக்கொள் என்றேன். அவன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அமுதா சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டான்.

இன்று காலை வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. வார்த்தை எதுவும் சேர்த்து அனுப்பவில்லை, கோடு போட்ட நோட்டில் கிழித்த ஒரு பக்கம் மட்டும். பாபுவின் கையெழுத்து, பத்தாம் வகுப்பில் இருந்த அதே சாய்வு. அப்படியே இங்கே எழுதுகிறேன்.

‘ஸ்டெல்லா மேடம் அவர்களுக்கு, என் பெயர் பாபு. கள்ளிக்குப்பம். நான் குடிகாரன். போன வருடம் அன்வர் பாய் உங்கள் வகுப்பில் பதினோரு மணிக்கு மேல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் என் வீட்டில் இருந்தார். எந்தெந்தத் தேதி என்று எனக்குத் தெரியாது, நான் குறித்து வைக்கவில்லை. உங்கள் நோட்டில் இருக்கிறது. அதில் அவர் வரவில்லை என்று எழுதிய நாளெல்லாம் நான் குடிக்காத நாள்.’